ஞானகுமாரி அம்மையார் எழுப்பி நிறுத்திய பிள்ளைகள்

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மாணவர் குழுவின் உறுப்பினர்களே, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

அதற்கு அடுத்துத்தான் மேடை. அருட்தந்தை அவர்களே, நம் பகுதிப் பள்ளியின் தலைமையாசிரியை சுதா அம்மையார் அவர்களே, துணையை இழந்து அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய எட்மண்ட் சார் அவர்களே, மகள் ஷாரன் அவர்களே, காட்டுப்பாக்கம் தேன்மொழி நகர்க் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெரியவர்களே, தாய்மார்களே, வாசலில் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் ஆட்டோ நிறுத்தத்துத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரிசை மாறிவிட்டது என்று மேடையில் இருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். இந்த வரிசையை எனக்குக் கற்பித்தவர் நம் சங்கத்தின் தலைவர், மறைந்த திருமதி ஞானகுமாரி எட்மண்ட் அவர்கள்தான். ‘செயலாளரே, கூப்டாதவங்கள மொதல்ல கூப்டுங்க, பெரிய ஆளுங்க எப்டியும் வந்து ஒக்காந்துப்பாங்க’ என்பார். செயலாளர் என்பது அடியேன். பட்டறை வீராசாமி என்றால் எல்லோருக்கும் தெரியும். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! கடந்த வியாழக்கிழமை அம்மையார் நம்மை விட்டுப் போனார். துக்கம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இந்த மண்டபத்துக்குள் நுழைந்து முன் வரிசையைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். துக்கத்தைத் தாண்டி ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

யார் இந்த ஞானகுமாரி? கட்சித் தலைவரா? கலெக்டரா? கோடீஸ்வரியா? ஒன்றும் இல்லை! ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ‘எங்க போவணும்? சில்லறை குடு. அடுத்து!’ என்று காலமெல்லாம் கேட்டவர். அந்தப் பழக்கத்திலேயே சங்கக் கூட்டத்தையும் நடத்தினார். நான் அரை மணி நேரம் தயாரித்து வந்து நாட்டின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தால், ‘வீராசாமி அண்ணே, எங்க போவணும் உங்களுக்கு? அத சொல்லுங்க. அடுத்து!’ என்று முடித்துவிடுவார். எத்தனை அருமையான உரைகள் அப்படி அநியாயமாகச் செத்திருக்கின்றன, தெரியுமா!

இந்த மாணவர் குழு எப்படிப் பிறந்தது என்பது புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. ஒரு சுதந்திர தின விழா. கொடியேற்ற வர வேண்டிய பிரமுகர் வரவில்லை. இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று நேரம் போகிறது. ஆடிக் கடைசி வெயில் எப்படி அடிக்கும் என்று பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் ‘வருக வருக’ அட்டையோடு சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். பந்தலுக்குள் நிழலில் நாங்கள் எல்லோரும் நாற்காலியில்! அம்மையார் என்னிடம் வந்து கேட்டார், ‘இந்தப் பசங்கள எதுக்கு அங்க நிக்க வெச்சிருக்கீங்க?’ நான் சொன்னேன், ‘பாக்க அழகா இருக்கும்மா.’

அவ்வளவுதான்! ‘அழகுக்கா? அதுக்குப் பூந்தொட்டி வைங்க!’ என்றார். நேராகப் போனார். பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார். மேடை நாற்காலிகளில் உட்கார வைத்தார். ‘பெரியவங்க கொஞ்ச நேரம் வெய்யில்ல நில்லுங்க, வைட்டமின் வரும்’ என்றார். சங்கத்தின் நிர்வாகிகள் அத்தனை பேரும் சாலை ஓரத்தில் அட்டையோடு நின்றோம். பிரமுகர் வந்து இறங்கியபோது எங்கள் வழுக்கைத் தலைகள்தான் அவரை வரவேற்றன!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும். ஆனால் அன்று மாலையே அவர் தன் வீட்டுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளை அழைத்தார். எட்மண்ட் சார் சுண்டல் தாளித்தார். அந்தக் கூடத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு நடக்கும் நம் சங்கக் கூட்டத்துக்கு இனி தலைமை தாங்குவது ஒரு மாணவர். தீர்மானம் கொண்டு வருவது மாணவர் குழு. அதன் மேல் பேசுவதும் ஓட்டுப் போடுவதும் பெரியவர்கள். பேச வேண்டுமானால் கையைத் தூக்கித் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம்!

ஊரில் என்ன பேசினார்கள்? ‘ஓட்டு இல்லாத பசங்களுக்கு இங்க இன்னா வேல?’ என்று கேட்டார்கள். அம்மையார் பதில் சொன்னார்: ‘ஓட்டு இருக்கிற நீங்க போன மாசக் கூட்டத்துக்கு எத்தினி பேரு வந்தீங்க? ஊட்ல டிவி பாத்துகினு இருந்தீங்க. ஓட்டு இல்லாதவங்க வந்து ஒக்காந்திருக்காங்க. யாருக்கு வேல இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.’ அப்படிக் கேட்டவர் ஒருவர் இன்றும் வந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன்.

மாணவர்களைப் பொதுத்தொண்டில் ஈடுபடுத்துகிறோம் என்று நாம் என்ன செய்வோம்? கையில் துடைப்பத்தைக் கொடுப்போம். ஒரு போட்டோ எடுப்போம். துடைப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவோம். அம்மையார் அதற்குப் பரம விரோதி. ‘கூட்டறதுக்கு ஆள் கீறாங்க. குப்ப ஏன் தெனிக்கும் இங்கயே சேருதுன்னு கேக்கத்தான் ஆள் இல்ல. அதுக்குப் பசங்கள அனுப்புங்க’ என்பார்.

அப்படிக் கேட்கப் போன பிள்ளைதான் அதோ உட்கார்ந்திருக்கிற ரெனிஷ். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு அதிகாரியிடம் கேட்கப் போனான். அவர் ஏதோ விளக்கம் சொன்னார். ‘சார், எனக்குப் புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க’ என்றான். மறுபடி சொன்னார். ‘மன்னிச்சிக்கோங்க சார், இப்பவும் புரியல.’ மூன்றாவது முறை சொல்லும்போது அந்த அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ‘தம்பி, எனக்கும் புரியல’ என்றார். மறுநாள் விளக்கு எரிந்தது! நாங்கள் மனு மேல் மனு கொடுத்து எரியாத விளக்கு! புரியவில்லை என்றால் புரியவில்லை என்று தலை நிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுத்தாரே, அது எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

இதையெல்லாம் கேட்டு எல்லாம் வெற்றி மேல் வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். நான் பட்டறைக்காரன். ஓடுகிற இயந்திரத்தை மட்டும் காட்டி உடைந்ததை மறைத்தால் அது வியாபாரம், அஞ்சலி ஆகாது. அம்மையாரின் பெருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது பிள்ளைகள் தோற்றுப்போன நாளில்தான்.

கீழத்தெரு முனையில் மழைநீர் வடிகால் கால்வாயோடு சேருகிற இடம் உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பையெல்லாம் கால்வாய்க்குப் போகிறது, அங்கே ஒரு கம்பி வலை போட வேண்டும் என்று மாணவர் குழு தீர்மானம் கொண்டு வந்தது. எழுதியவன் ரெனிஷ். தலைமை தாங்கியது யுவராணி. அப்போது அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. நல்ல தீர்மானம்தான். நாம் எல்லோரும் கையைத் தூக்கினோம். பாதிப் பேர் எதற்குத் தூக்குகிறோம் என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்கினோம். வலையும் வந்தது. மாலையெல்லாம் போட்டோம்.

பிறகு வந்தது ஆயுத பூஜை!

நம் பக்கம் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? லேத்துக்கு வாழை, ஆட்டோவுக்கு வாழை, சைக்கிள் கடைக்கு வாழை, கம்ப்யூட்டர் சென்டருக்கும் வாழை. கிறிஸ்தவர் நடத்துகிற பட்டறையிலும் வேலையாட்களுக்காகக் கன்று கட்டிப் பொரி கொடுக்கிற ஊர் இது. சரி, பூஜை முடிந்தது. வாடிய வாழையையும் உடைத்த பூசணிக்காயையும் நாம் எங்கே போடுவோம்? சொல்லுங்கள்! பாருங்கள், எல்லோரும் மின்விசிறியைப் பார்க்கிறீர்கள்!

வடிகாலில்தான் போட்டோம். வழக்கமாக அது கால்வாய்க்குப் போய்விடும், நம் கண்ணில் படாது. அந்த வருடம் வலை இருந்தது. அடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்தது. அத்தனை வாழையும் வலையில் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் திரும்பியது. கீழத்தெரு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர். கட்டில் மிதந்தது, ஃபிரிட்ஜ் போனது, தையல் மெஷின் மோட்டார் போனது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் கூட்டம். அன்றைக்கு வந்த கூட்டம்போல் அதற்கு முன்னால் வந்ததில்லை. மாட்டுக்கொட்டகை நாகவல்லி அம்மா எழுந்தார். கையைத் தூக்கவும் இல்லை, அனுமதி கேட்கவும் இல்லை. ‘பசங்க கைல ஊர குட்த்தா இன்னா ஆவும்னு பாத்தீங்கள்ல? என் மாடு முட்டியளவு தண்ணில நின்னுகினு கீது! கன்னுக்குட்டிய கட்டில் மேல ஏத்தி வெச்சிகினு கீறேன்! வெளயாடறதுக்கு எங்க ஊடுதான் கெடச்சுதா?’ என்றார். மண்டபம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. குழுவைக் கலைக்க வேண்டும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் அம்மையாரைப் பார்த்தேன். எழுந்து சமாதானம் செய்வார், ‘கொயந்தைங்கதானே, விடுங்க’ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழவில்லை! உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: ‘கேட்டது நியாயமான கேள்வி. கூட்டத் தலைவர் பதில் சொல்லட்டும்.’

யுவராணி எழுந்தாள். என்ன கல்நெஞ்சம் இந்த அம்மாவுக்கு என்று நினைத்தேன். அந்தப் பெண் சொன்னாள்:

‘தப்பு எங்க குழுவோடதுதான். நாங்க மழையப் பத்தி யோசிச்சோம். ஆயுத பூஜையப் பத்தி யோசிக்கல. கீழத்தெருக்காரங்க எங்கள மன்னிக்கணும். இப்ப ரெண்டு வழி இருக்கு. வலைய எடுத்துடலாம். இல்லன்னா வாழைய அங்க போடறத நிறுத்தலாம். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க, நாங்க தீர்மானம் எழுதறோம்.’

அவ்வளவுதான் பேசினாள். மழுப்பவில்லை. அழவில்லை. வாழையைப் போட்டது நீங்கள்தானே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்! கேட்காமல் விட்டதுதான் நம்மைச் சுட்டது. இத்தனை வருடப் பொதுவாழ்வில், நண்பர்களே, ‘தப்பு எங்களுடையது’ என்று மேடையில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சொன்னது பத்தாம் வகுப்புப் பிள்ளை!

கூட்டம் முடிந்து நான் அம்மையாரோடு சண்டைக்குப் போனேன். ‘ஏம்மா, அந்தப் புள்ளைய அப்படியா நிக்க வுடறது? குறுக்க பூந்து காப்பாத்தக் கூடாதா?’ என்றேன். அவர் சொன்ன பதிலை இந்த மண்டபத்துச் சுவரில் எழுதி வைக்கலாம். ‘நான் குறுக்க பூந்தா அது கொயந்த, அண்ணே. பதில் சொல்ல வுட்டாத்தான் தலைவரு. நானே எழுந்துடக் கூடாதுன்னு சேரைக் கெட்டியா புடிச்சிகினு ஒக்காந்திருந்தேன்.’

அன்று முடிவானது என்ன? வலை இருக்கட்டும், ஆனால் தூக்கி எடுக்கிற மாதிரி இருக்கட்டும் என்று நாகவல்லி அம்மாவே சொன்னார். என் பட்டறையில் கீல் வைத்துச் செய்து கொடுத்தோம். மழை நாளில் வலையைச் சுத்தம் செய்ய முறை வைத்தார்கள். முறை போட்டது மாணவர் குழு. குப்பையை இழுக்கிற கம்பைத் தூக்கியது நாம். பதினெட்டு வயது ஆகாத ஒருவரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்பது அம்மையாரின் கண்டிப்பான கட்டளை. ‘அங்கிள், இன்னிக்கு ஒங்க முறை, மழ வருது’ என்று போன் வரும். கொட்டுகிற மழையில் நான் நனைவேன். போன் செய்த பையன் வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, ‘வலப்பக்கம் இன்னும் இருக்கு அங்கிள்’ என்று அதிகாரம் செய்வான்! இதுவல்லவோ மக்களாட்சி!

அடுத்த ஆயுத பூஜைக்குப் பிறகு பிள்ளைகள் ஒரு மீன்பாடி வண்டியை ஏற்பாடு செய்தார்கள். பட்டறை பட்டறையாக, கடை கடையாகப் போய் வாழையை வாங்கினார்கள். வண்டி நேராக எங்கே போனது தெரியுமா? நாகவல்லி அம்மாவின் கொட்டகைக்கு! மாடுகள் ஒரு வாரம் விருந்து சாப்பிட்டன. அந்த அம்மா அன்று மாலை ஒரு தூக்கு நிறையப் பால் கொண்டுபோய் மாணவர் குழுவுக்குக் கொடுத்தார். ‘இன்னா வாய் பேசினேன் அன்னிக்கு! இதக் காச்சிக் குடிங்கடா’ என்றார். போன வருட மழையில் கீழத்தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. ஒரு வீட்டுக்குள்ளும்!

பெருமைப்பட இதைவிட என்ன வேண்டும்? ஞானகுமாரி அம்மையார் சாலைக்குத் தன் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. கல்வெட்டில் இடம் கேட்கவில்லை. தவறு செய்தால் எழுந்து நின்று ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்து காட்டுகிற ஒரு தலைமுறையை இந்தக் காட்டுப்பாக்கத்தில் உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவரோடு வேலை செய்தேன் என்று சொல்லும்போது என் குரல் தானாக உயர்கிறது.

இப்போது ஒரு கசப்பான விஷயம். மூன்று நாளாக என் காதில் விழுகிறது. ‘அண்ணே, அம்மா போய்ட்டாங்க. பசங்களுக்குப் பரீட்ச வருது. குழுவ கலச்சிட்டுப் பழையபடி நாமளே பாத்துக்கலாம்.’ சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைகளின் படிப்பு மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அவர்களைக் கேட்கிறேன். பழையபடி என்றால் எப்படி? நாங்கள் ஆறு பேர் கூடுவோம். டீ குடிப்போம். போன கூட்டத்தில் யார் யாரை மரியாதையில்லாமல் பேசினார் என்று சண்டை போடுவோம். அடுத்த கூட்டத் தேதியை முடிவு செய்துவிட்டுக் கலைவோம். அதற்கா திரும்பிப் போக வேண்டும்? வாழையை வடிகாலில் போட்ட கைகளிடமா வலையை ஒப்படைப்பது?

ஆனால் நான் இதைச் சொல்லி உங்களை மடக்குவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் என்னை மடக்கிவிட்டார்கள். நேற்று யுவராணி என் பட்டறைக்கு வந்தாள். இப்போது பிளஸ் டூ. ‘அங்கிள், நாளைக்கு ரெண்டாவது ஞாயிறு. கூட்டம் இருக்கு’ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘அம்மா அடக்கம் முடிஞ்சு ஈரம் கூட காயலியேம்மா. ஒரு மாசம் தள்ளி வெச்சா இன்னா?’ என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு சொன்னாள், ‘மழ தள்ளிப் போவுமா அங்கிள்? வலைக்கு இன்னும் முறையே போடல.’

அது மட்டுமல்ல. இன்றைய கூட்டத்துக்கு முதல் பொருள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ‘மாணவர் குழு தொடர வேண்டுமா, வேண்டாமா’ என்பதுதான் முதல் பொருள். அவர்களே வைத்திருக்கிறார்கள்! ‘எதுக்கும்மா நீங்களே வாயக் குட்த்து மாட்டிக்கிறீங்க? யாரும் கேக்கலன்னா அப்படியே ஓடிடுமே’ என்றேன். யுவராணி சொன்னாள், ‘முதுகுக்குப் பின்னால பேசறாங்க அங்கிள். மூஞ்சிக்கு நேரா கேக்கட்டும், நாங்க பதில் சொல்றோம். வேணாம்னு ஓட்டுப் போட்டாங்கன்னா எழுந்து போய்டறோம்.’

கேட்டீர்களா எட்மண்ட் சார்? கேட்டாயா ஷாரன்? உங்கள் வீட்டு அம்மா எங்கேயும் போய்விடவில்லை என்று ஆறுதல் சொல்ல எனக்கு வராது. போய்விட்டார். திரும்பி வரமாட்டார். ஆனால் அவர் செய்த வேலை முடிந்த வேலை. அது இதோ முன் வரிசையில் உட்கார்ந்து, பதில் சொல்லத் தயாராக இருக்கிறது.

ஞானகுமாரி அம்மையாரே! எங்கள் தலைவரே! உங்கள் படத்துக்கு முன்னால் நான் எடுக்கிற உறுதி சின்னதுதான். இந்தப் பிள்ளைகள் அழைக்கிற கூட்டத்துக்கு வருவேன். கையைத் தூக்கி அனுமதி கேட்டுப் பேசுவேன். அவர்கள் தவறினால் கேள்வி கேட்பேன், பதில் சொல்ல இடம் விடுவேன். மழை பெய்தால் கம்பைத் தூக்குவேன். இந்த உறுதியை என்னோடு எடுக்க விரும்புகிறவர்கள் வாயால் சொல்ல வேண்டாம். இன்னும் சற்று நேரத்தில் கையால் சொல்ல வாய்ப்பு வருகிறது.

இப்போது எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனமாக அஞ்சலி செலுத்துவோம். அது முடிந்ததும் யாரும் வாசல் பக்கம் திரும்ப வேண்டாம், நாற்காலியில் உட்காருங்கள். இந்த மேடையில் இருக்கிற நாங்கள் இறங்கிக் கீழே வந்துவிடுகிறோம். மேடை அவர்களுக்கு வேண்டும்.

தலைவர் யுவராணி அவர்களே, மௌனம் முடிந்ததும் கூட்டத்தைத் தொடங்குங்கள். முதல் பொருள் மேல் பேச, வீராசாமி அனுமதி கேட்கிறேன்.